சாத்திய ஜன்னல்கள்

சாத்தியிருக்கும் ஜன்னலைப் பார்த்தால் ஏன் சாத்தியிருக்கிறது என்று மனதுக்குள் கேட்டுக்கொள்ளும் பழக்கம் எப்போது ஒட்டிக்கொண்டது என்று தெரியவில்லை. தெருவில் நடக்கும்போதும், அடுத்தவர் வீட்டில் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சுக் கொடுக்கும்போதும் கண் அங்கே போய்விடுகிறது. கொசுவுக்காகச் சாத்தியவை, தூசிக்காகச் சாத்தியவை, ஹாரன் சத்தத்துக்காக, எதிர்வீட்டுக் கண்ணுக்காக, ஏசிக்காக, பூனைக்காக. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது, எல்லாமே நியாயமான காரணங்கள். உள்ளே அடைபட்ட காற்று என்ன ஆகும் என்பது மட்டும் யாருடைய காரணங்களிலும் வருவதில்லை. சென்னையில் பக்கிங்ஹாம் கால்வாய் ஓரம் குடியிருப்பவர்களுக்கு மாலை ஐந்தரை ஆனதைச் சொல்லக் கடிகாரம் தேவையில்லை. தளத்துக்குத் தளம் அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல்கள் சட்டத்தில் ஓடிப்போய் இடிக்கும் ஓசை கேட்கும். பத்து நிமிடம் அசந்தால் அன்றைய தூக்கம் போயிற்று. சாக்கடைத் தேக்கத்தில் பெருகும் க்யூலெக்ஸ் இருட்டிய பின் வேலையைத் தொடங்குவது. டெங்குவைக் கொண்டுவரும் ஏடிஸோ பகலில் கடிப்பது, அதுவும் நம் வீட்டுப் பூந்தொட்டித் தட்டிலும் பிரிட்ஜின் பின்பக்கத் தண்ணீரிலும் பிறந்து வளர்ந்ததாக இருக்கும். அந்தியில் ஜன்னலைச் சாத்துவது நோய்க்குப் பயந்து என்பதைவிட அரிப்புக்கும் காதோர ரீங்காரத்துக்கும் பயந்துதான். கால்வாயில் தண்ணீர் ஓடாமல் நிற்பதால் ஆயிரக்கணக்கான படுக்கையறைகளில் காற்று ஓடாமல் நிற்கிறது. இந்த இரண்டையும் சேர்த்து யோசித்த பிறகு, ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று யாராவது எளிதாகப் புத்தி சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் அந்தப் புத்தியில் தவறு எதுவும் இல்லை என்பதும் தெரிகிறது.

சாத்தியபின் கொசுவர்த்தி. பெட்டிக்குள் சுருள்கள் இரண்டிரண்டாக ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும். பிரிப்பது வீட்டில் சின்னவர்களின் வேலை. நடுக்கண்ணை விரலால் அழுத்தி, ஒன்றை மேலே தூக்கி மற்றதைக் கீழே இறக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்யவேண்டும். ஒடிந்துவிட்டால் திட்டு விழும், ஆனாலும் ஒடிந்த துண்டை எறிய மாட்டார்கள். சோடாமூடியின் மேல் படுக்கவைத்து அதையும் எரித்துவிடுவார்கள். தகர ஸ்டாண்டின் நாக்கில் குத்திக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டால், காலையில் தரையில் சாம்பலும் சுருளாகவே விழுந்து கிடக்கும், விரல் பட்டால் மாவாகிவிடும். ஜப்பானில் உயேயாமா எய்ச்சிரோ என்பவர் முதலில் ஊதுவத்திபோல நேர்க்குச்சியாகத்தான் இதைச் செய்தார். முக்கால் மணி நேரத்துக்குள் எரிந்து தீர்ந்துவிட்டதாம். சுருட்டி வைத்தால் இரவெல்லாம் எரியுமே என்று 1895இல் யோசனை சொன்னவர் அவருடைய மனைவி யூகி. இரவு முழுக்க எரிய வேண்டும் என்பதுதான் அந்தக் கண்டுபிடிப்பின் சாரம். மூடிய அறையில் எட்டு மணி நேரம் தொடர்ந்து புகைய ஒரு பொருள் வேண்டும் என்று ஒருவர் கேட்டு, இன்னொருவர் மிகச் சரியாக அதைச் செய்துகொடுத்திருக்கிறார். சீன, மலேசியச் சுருள்களை எரித்துப் பார்த்து 2003இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் வெளியிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவுக்குச் சமம் என்றது. இந்த வரி செய்தித்தாள்களில் அடிக்கடி வருகிறது, வரும்போதெல்லாம் ஒரு கேள்வியை விழுங்கிவிட்டு வருகிறது. எடையில் சமம் என்பதால் கெடுதியிலும் சமமாகிவிடாது, சிகரெட்டை உதட்டில் வைத்து உறிஞ்சுகிறவனும் அறைக்கு மறுகோடியில் படுத்திருப்பவனும் ஒன்றல்ல. ஆனால் சிகரெட்டை யாரும் குழந்தையின் தலைமாட்டில் இரவு முழுக்கப் பற்றவைத்து வைப்பதில்லை. ஒப்பீட்டில் குறை கண்டுபிடித்துவிட்டோம் என்ற நிம்மதியும் எனக்கு நீடிப்பதில்லை.

புகையைக் குறை சொல்லத் தொடங்கினால் எங்கே போய் நிற்கும் என்பது இன்னொரு சங்கடம். தமிழ்க் குழந்தை முகரும் முதல் புகை அதன்மேல் மிகுந்த அன்புள்ள ஒரு கையால் காட்டப்படுவது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, ஈரம் ஒற்றி எடுத்து, கொட்டாங்குச்சிக் கரி கனலும் தூபக்காலில் சாம்பிராணித் தூளைத் தூவி, குழந்தையைக் குப்புறக் கையில் ஏந்தி அந்தப் புகையின் மேல் தலைமுடியை ஆற்றுவார்கள். முடி காய்ந்தது போதும், சளி பிடிக்காமல் இருந்தால் போதும் என்பது கணக்கு. சளி பிடிக்காதிருக்கப் புகை காட்டுவது என்ற எண்ணத்தைப் பகலில் உட்கார்ந்து யோசித்தால் சிரிப்பு வருகிறது. அந்த வாசனை வந்ததும் சிரிப்பு நின்றுவிடுகிறது. வெள்ளிக்கிழமை மாலை என்றால் எனக்குள் இன்னும் அந்த நெடிதான். இப்போது கரியும் இல்லை, தூபக்காலும் இல்லை. கம்ப்யூட்டர் சாம்பிராணி என்று ஒரு கூம்பு, கப் சாம்பிராணி என்று ஒரு கிண்ணம், கடையில் பாக்கெட்டாக. நண்பர் ஒருவரிடம் நுண்துகள் அளக்கும் சின்னக் கருவியை இரவல் வாங்கி வந்து அலமாரியில் வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை அதன் எண் மூன்றிலக்கத்துக்குத் தாவி நின்றது. மலிவுக் கருவி, எண்ணைச் சத்தியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஏறிய வேகத்தை நம்பலாம். கடுகு வெடித்து வரமிளகாய் தாளித்தபோதும் ஏறியது. ஊதுவத்திக்கும் ஏறியது. கற்பூரத்துக்கு ஏறியதைப் பார்த்த வீட்டுக்காரர், “சாமிக்குக் காட்டுறதையுமா அளப்பீங்க?” என்றார். பதில் சொல்லவில்லை. வீட்டுக்குள் இருக்கும் காற்று குடும்ப விஷயம்போல ஆகிவிட்டிருக்கிறது, வெளியாள் கருத்து சொல்லக்கூடாது, உள்ளாள் அளக்கவும் கூடாது. கருவியை மறுவாரமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். நண்பர் கேட்டது ஒரு காரணம் மட்டுமே.

விளக்கு வைக்கும் நேரத்தில் வாசற்கதவைத் திறந்துவை, கொல்லைக்கதவைச் சாத்து என்பது எங்கள் பக்கத்துப் பாட்டிகளின் சட்டம். வாசல் வழியாக லட்சுமி வருவாள், கொல்லை வழியாக அவள் அக்காள் வருவாள் அல்லது வந்த லட்சுமி வெளியேறிவிடுவாள், வீட்டுக்கு வீடு விளக்கம் மாறும். ஒரு பக்கம் திறந்து மறுபக்கம் சாத்தினால் வீட்டில் காற்று ஓடாது என்பது ஓட்டுவீட்டில் ஒரு வேனிற்காலம் படுத்திருந்தவர்களுக்குத் தெரியும். காற்றுக்கு நுழையும் வழி இருந்தால் போதாது, போகும் வழியும் எதிரே வேண்டும். ரேழி, முற்றம், கூடம், இரண்டாங்கட்டு, கொல்லை என்று வாசலில் நின்றால் கொல்லைக் கிணறு தெரியும்படி நேர்கோட்டில் வாசல்களை வைத்துக் கட்டியவர்களும் அதே வீட்டுப் பாட்டனார்கள்தான். கட்டியவன் வழிவிட்டதை வழக்கம் அரைமணி நேரம் அடைத்திருக்கிறது, அவ்வளவே. மீதி நேரம் முற்றத்து வானம் பார்த்துக்கொண்டது. அந்த வீட்டு ஜன்னல்களில் நாலு கதவு இருக்கும். கீழ்ப்பாதி இரண்டு, மேல்பாதி இரண்டு. கீழே உள்ளதைச் சாத்தினால் தெருவில் போகிறவன் கண்ணுக்கு உள்ளே இருக்கும் பெண்கள் தெரியமாட்டார்கள், மேலே திறந்திருப்பதில் காற்று வரும். பெண்களைத் தெருவிலிருந்து மறைத்துவைத்த சமூகத்தின் ஜன்னல் அது, அதைப் புகழ எனக்கு வாய் வரவில்லை. ஆனால் கண்ணை மறித்துக் காற்றை விட வேண்டும் என்ற கேள்வியை அந்தத் தச்சன் கேட்டிருக்கிறான், பதிலும் கண்டிருக்கிறான். இன்றைய அடுக்ககத்து ஸ்லைடிங் ஜன்னலோ எவ்வளவு தள்ளினாலும் பாதிதான் திறக்கும், ஏனென்றால் திறந்த கண்ணாடி மறு கண்ணாடியின் பின்னால்தான் போய் நிற்க வேண்டும். ஈரவெப்பப் பகுதிகளில் அறையின் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்கு ஜன்னல் வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித் தொகுப்பு. வரைபடத்தில் ஆறில் ஒன்று இருக்கும், சட்டத்தில் தள்ளிப் பார்த்தால் பன்னிரண்டில் ஒன்று. சுவரின் உச்சியில், விட்டத்துக்குக் கீழே, சூடேறி மேலெழும் காற்று வெளியேற வைத்த வெண்டிலேட்டர் துவாரம் லாஃப்ட் வந்தபோது காணாமல் போயிற்று. அந்த லாஃப்டில் இப்போது பழைய சூட்கேஸ் இருக்கிறது.

அடுக்களைக்கு வரவேண்டும், ஆனால் அடுக்களையைப் பற்றி எழுதுகிற ஆண் எவனும் கொஞ்சம் கூச்சத்தோடுதான் எழுத வேண்டும். கடலூர்ப் பக்கம் இருக்கிற பெரியம்மா வீட்டில் இரண்டு அடுப்பு உண்டு. உள்ளே கேஸ், பின்னால் தாழ்வாரத்தில் விறகடுப்பு. கேஸ் வந்து எத்தனையோ வருஷமாயிற்று, இலவச அடுப்பு கொடுத்த காலத்திலிருந்து. “கேஸு காபி போட, பாலு காய்ச்ச. சோத்துக்கும் வெந்நிக்கும் இதுதாம்பா. சிலிண்டரு என்ன சும்மாவா வருது?” சொல்லிக்கொண்டே ஊதாங்குழலை எடுத்தார். சீமைக்கருவேல முள்ளும் தென்னைமட்டையும் ஈரம் காயாமல் புகைந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டது முந்தானை. “புகை கண்ணுக்கு ஆகாதே பெரியம்மா” என்றேன். “எத்தினி வருஷமா ஊதுறேன், இனிமேதான் கெடப்போவுதா” என்றார். தாழ்வாரத்து ஓட்டின் அடிப்புறம் தார் பூசியதுபோல் மின்னியது. நான் பார்த்தது கரி. அவருக்கு அது கூரை மரத்தில் செல் பிடிக்காமல் காக்கும் பூச்சு.

அந்தத் தாழ்வாரத்தை உலகம் ஆய்வுப்பொருளாகப் பார்க்கத் தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க ஆய்வாளரும் இந்திய சகாக்களும் 1980களின் தொடக்கத்தில் குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்களின் உடலில் சிறு பம்பைக் கட்டிவிட்டு, அவர்கள் மூச்சில் போவது என்ன என்று அளந்தார்கள். அதுவரை மாசு என்றால் ஆலைப் புகைபோக்கி, நகரத்துச் சாலை. அளக்கும் கருவியைக் கம்பத்தில் கட்டுவதா, மனுஷியின் தோளில் கட்டுவதா என்ற இடத்தில்தான் எல்லாம் மாறியது என்று எனக்குத் தோன்றும். வீட்டுக்குள் எரியும் அடுப்புப் புகையால் ஆண்டுக்கு 32 லட்சம் பேர் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுக்கான மதிப்பீடு. அப்படியென்றால் அடுப்பை மாற்றினால் தீர்ந்ததா? குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா என்று நாலு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளைச் சேர்த்து ஒரு பெரிய சோதனை நடந்தது. இந்தியப் பகுதி நம் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களில், போரூர் ஸ்ரீராமச்சந்திராவின் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவின் பொறுப்பில். பாதிப் பேருக்குக் கேஸ் அடுப்பும் 18 மாதம் இலவச சிலிண்டரும், மீதிப் பேர் வழக்கம்போல. சிலிண்டர் சும்மா வந்தபோது பெண்கள் விறகை ஏறக்குறைய முழுதாகக் கைவிட்டார்கள், பெரியம்மாவின் கேள்விக்கு அது ஒரு பதில். அவர்கள் மூச்சில் போன நுண்துகள் கன மீட்டருக்கு 24 மைக்ரோகிராம் அளவில் நின்றது, வழக்கம்போல இருந்தவர்களுக்கு 70. ஆனால் பிறந்த குழந்தைகளின் எடை? இருபது கிராம் சொச்சம் வித்தியாசம், கணக்கில் சேராத அளவு. 2022இல் இந்த முடிவு வெளியானபோது பலருக்கும் முகம் விழுந்திருக்கும். புகை பாவமில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. கர்ப்பம் தரித்த பிறகு சுத்தமாக்கியது தாமதமா, 24உம் அதிகம்தானா, எடை என்ற அளவுகோலே போதாதா என்று பல வழிகளில் யோசிக்கிறார்கள். எனக்கு இந்த முடிவின் மேல் ஒருவித மரியாதை உண்டு. காற்றைச் சுத்தமாக்கினால் கைமேல் பலன் என்று நம்பி இறங்குகிறவர்களை அது உட்காரவைத்து விடுகிறது. பலன் எடைத்தராசில் தெரிந்தால்தான் ஒரு பெண்ணின் கண்ணெரிச்சலை நிறுத்துவோமா என்ற கேள்வியையும் அதுவே எழுப்புகிறது. கண்ணெரிச்சலுக்கு எந்தச் சோதனையும் வேண்டியதில்லை.

புகை கண்ணுக்குத் தெரியும், மூக்கில் ஏறும். மூச்சு தெரியாது. தண்ணீர் விஷயத்தில் நம்மைப்போல் எச்சில் பார்ப்பவர்கள் குறைவு. டம்ளரை உதட்டில் படாமல் அண்ணாந்து குடிக்கிறோம், எச்சில் கை பட்ட பாத்திரத்தைத் தனியே வைக்கிறோம். ஒரு படி மேலே போய் டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்த சமூகம் இது. மூச்சுக்குத் தனிக் குவளை வைக்க யாராலும் முடியவில்லை. ஒருவர் நுரையீரலில் போய்வந்த காற்றையே மூடிய அறையில் அடுத்தவர் எடுத்துக்கொள்கிறார். இதை அளக்கும் வழியை 1858இல் மியூனிக்கில் மேக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் சொன்னார். கரியமில வாயு நஞ்சு என்பதற்காக அவர் அளக்கவில்லை. அது மனித மூச்சோடு கலந்து வருவதால், அறையில் எவ்வளவு பழைய மூச்சு தேங்கியிருக்கிறது என்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டார். பத்து லட்சத்தில் 1,000 பங்கைத் தாண்டினால் அறை வசிக்கத் தகாது என்று வரம்பு வைத்தார், இன்றும் பொறியாளர்கள் அதைச் சுற்றியே பேசுகிறார்கள். (இதே மனிதர் காலராவுக்குக் கிருமி மட்டும் காரணமாக முடியாது என்று நிரூபிக்க 1892இல் காலராக் கிருமி வளர்த்த திரவத்தைக் குடித்துக் காட்டினார். காற்றைச் சரியாகப் புரிந்துகொண்டவருக்குத் தண்ணீர் பிடிபடவில்லை, உயிர் மட்டும் தப்பியது.) வெளிக்காற்றில் இன்று 420 பங்குக்குக் கொஞ்சம் மேல். அறையில் 2,000 என்றால், நாம் இழுக்கும் மூச்சில் ஏறக்குறைய 25இல் ஒரு பங்கு யாரோ ஏற்கெனவே விட்டது. இருபதுக்கு இருபதடி வகுப்பறையில் நாற்பது பிள்ளைகளை வைத்து எல்லாத் திறப்பையும் அடைத்துவிட்டால், முதல் பீரியட் முடிவதற்குள் அந்த 2,000 வந்துவிடும் என்று காகிதத்திலேயே கணக்குப் போடலாம். அந்த அளவு கரியமில வாயு நேரடியாக மூளையை மந்தமாக்குமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. பெட்டன்கோஃபருக்கும் அது கவலையில்லை. ஒருவனுக்கு ஃப்ளூ என்றால், அம்மை என்றால், காசம் என்றால், அந்த 25இல் ஒன்றில் என்ன இருக்கும் என்பதே நம் கவலை.

எல்லா வகுப்பறைகளும் ஏசி என்று சொல்லிச் சேர்க்கை நடத்தும் பள்ளி ஒன்றுக்குப் போயிருந்தேன். குளுகுளுவென்று இருந்தது, யாரையும் குறைசொல்ல முடியாத குளுமை, வெளியே மே மாதம்போல வெயில். சுவரில் தொங்கும் ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவந்து குளிரவைத்துத் தருகிறது என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். அது உள்ளே இருக்கும் காற்றையே இழுத்துக் குளிர்வித்து உள்ளேயே விடுகிறது, வெளியே இருக்கும் பெட்டி வெப்பத்தை மட்டும் வெளியே தள்ளுகிறது. குளிர்ந்த காற்று சுத்தமான காற்றாகத் தோன்றுவது உடம்பின் மயக்கம். அந்த வகுப்பில் நின்றபோது எனக்கு அரசுப் பள்ளிகளின் ஞாபகம் வந்தது. கொக்கி போன ஜன்னல், பாதிக் கதவு இல்லாத ஜன்னல், சாத்த முடியாததால் திறந்தே கிடக்கும் ஜன்னல். தூசி வரும், சாரல் அடிக்கும், பக்கத்து வயலில் வைக்கோல் எரித்தால் அதுவும் வரும், ஆனால் பழைய மூச்சு நிற்காது. இதைச் சொல்லி அரசுப் பள்ளிதான் மேல் என்று முடிக்க ஆசை வருகிறது. அந்த ஆசையை நம்பக்கூடாது. ஏப்ரலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே ஒரு மதியம் உட்கார்ந்தவனுக்குக் காற்றோட்டத்தைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

காற்றுதான் மருந்து என்று நம்பிய காலம் ஒன்று இருந்தது, அதன் பெயரில் நமக்கு ஒரு ரயில் நிலையமே இருக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் மின்சார ரயிலை விட்டு இறங்குபவர்களில் எத்தனை பேர் அந்தப் பெயரை யோசிப்பார்கள்? டாக்டர் டேவிட் சௌரிமுத்து 1928இல் காசநோயாளிகளுக்காக அங்கே தொடங்கிய இடம் அது. அதற்கு முன் அவர் இங்கிலாந்தில் மென்டிப் மலையில் ஒரு சானடோரியம் நடத்தினார், கணிதமேதை ராமானுஜன் 1917இல் அங்கே அவரிடம் சிகிச்சையில் இருந்தார். அந்தக் கால முறைப்படி நோயாளி திறந்த ஜன்னலோரத்தில், குளிர்காற்றில் கிடக்க வேண்டும், காற்று எவ்வளவு குளிரோ அவ்வளவு நல்லது. கும்பகோணத்து வெயிலில் வளர்ந்த உடம்பு அதை எப்படித் தாங்கியிருக்கும்? அவருக்கு இருந்தது காசமே இல்லை, கல்லீரலைத் தாக்கிய அமீபாத் தொற்றாக இருக்கலாம் என்று பின்னாளில் மருத்துவ வரலாற்றை ஆராய்ந்த ஒருவர் எழுதினார். அப்படியானால் அந்த ஜன்னல் யாருக்காகத் திறந்திருந்தது? ஜன்னலைத் திறப்பதும் ஒரு அதிகாரம் என்பதை அங்கேதான் யோசித்தேன். ராமானுஜன் 1920இல் சேத்துப்பட்டில் இறந்தார். அதே சேத்துப்பட்டில் 1956இல் காசநோய் மருந்தாய்வு மையம் வந்தது. மருந்து ஒழுங்காகக் கொடுத்தால், சானடோரியத்தின் நல்ல காற்றிலும் நல்ல சாப்பாட்டிலும் கிடப்பவரைப்போலவே, நெரிசலான சென்னை வீட்டில் அரைவயிறாக இருப்பவரும் குணமாவார் என்று 1959இல் அந்த மையம் காட்டியது. கூட இருந்த குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகமெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு மெட்ராஸ் ஆய்வு ஒரு பெரிய காரணம். ஏழைக்கு அது விடுதலை, அதில் சந்தேகமில்லை. கூடவே வேறொன்றும் நடந்தது. மாத்திரை வந்ததும் ஜன்னலுக்கு மருத்துவத்தில் இருந்த இடம் போய்விட்டது. உயரமான கூரையும் பெரிய ஜன்னலும் தேவையற்ற செலவாயின. லிமா நகரத்து மருத்துவமனைகளில் அளந்து பார்த்து 2007இல் வெளியான ஆய்வின்படி, கதவு ஜன்னலைத் திறந்துவைத்த அறைகளில் காற்று மணிக்கு 28 தடவை மாறியது, இயந்திரம் வைத்துக் காற்று மாற்றிய அறைகளில் 12 தடவை. 1950க்கு முன் கட்டிய, உயரக் கூரை கொண்ட கட்டடங்கள் எல்லாவற்றையும்விட மேலாக இருந்தன. கொரோனாப் பெருந்தொற்று வந்தபோது, 2020 மார்ச்சில், அது காற்றில் பரவாது என்று உலக சுகாதார நிறுவனமே அறிவித்தது. நாம் மேஜையைத் துடைத்தோம், காய்கறியைச் சோப்பில் கழுவினோம், பள்ளி வாசலில் நெற்றிக்கு நேரே துப்பாக்கிபோல ஒன்றை நீட்டினோம். கைகழுவும் குழாய்கள் பள்ளிகளில் இன்னும் இருக்கின்றன, நல்லதுதான். ஜன்னலுக்கு என்று ஒன்றும் மிஞ்சவில்லை.

சட்டம் வாசற்படியோடு நின்றுவிடுகிறது. 1981ஆம் ஆண்டுக் காற்று மாசுத் தடுப்புச் சட்டத்தின் கண் ஆலையையும் வெளியையும் பார்த்தது. நுண்துகளுக்கு ஒரு நாளைய வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் என்று வைத்தது வெளிக்காற்றுக்கு. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன 15இலிருந்து அது எவ்வளவு தூரம் என்பது இருக்கட்டும், வகுப்பறைக்கு ஒரு எண்ணும் இல்லை. டெல்லியில் நவம்பரில் காற்று கெட்டால் பள்ளியை மூடிப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள், வீட்டுக்குள் இருப்பது வேறு ஊர்க் காற்று என்பதுபோல. எண்ணூரிலும் மணலியிலும் இருப்பவர்களிடம் ஜன்னலைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். 2023 டிசம்பர் இறுதியில் ஒரு நள்ளிரவு அமோனியா கசிந்து பெரியகுப்பத்து மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள், அவர்களைப் பொறுத்தவரை சாத்திய ஜன்னலும் காப்பாற்றவில்லை. கும்பகோணத்தில் 2004இல் 94 பிள்ளைகள் கருகியபோது தீ தொடங்கியது பள்ளியின் சமையற்கட்டில். அதன்பின் பள்ளிகளில் கீற்றுக்கூரை போயிற்று, விதிகள் வந்தன. தீ கண்ணுக்குத் தெரிகிற எதிரி. கெட்ட காற்று அப்படி ஒரு நாள் குறித்து வருவதில்லை, அதனால் அதற்கு விசாரணை ஆணையமும் இல்லை, நினைவுத்தூணும் இல்லை.

தெரிந்த ஆசிரியை ஒருவர் பிரதான சாலையோரப் பள்ளியில் ஏழாம் வகுப்பு எடுக்கிறார். ஏசி கிடையாது, ஆனால் ஜன்னல்கள் சாத்தித்தான் இருக்கும். இதையெல்லாம் நான் கொட்டித் தீர்த்தபோது அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “சார், தொறந்தா ரோட்டுச் சத்தத்துல என் குரல் கடைசி பெஞ்சுக்குப் போகாது. கத்திக் கத்தி ஏற்கெனவே தொண்டை போச்சு. நீங்க சொல்ற காத்து பிள்ளைங்களுக்கு. என் தொண்டைக்கு யாரு?” மறுக்க ஒன்றும் இல்லை. பேருந்து நிறுத்தத்தை நூறடி தள்ளி வைத்தால் அந்த ஜன்னல் திறக்கும், அது போக்குவரத்துக்காரர்களின் வேலை. கால்வாய் ஓடினால் எங்கள் ஜன்னல் திறக்கும், அது இன்னொருவர் வேலை. சிலிண்டர் விலை இறங்கினால் பெரியம்மாவின் தாழ்வாரம் வெளுக்கும். ஒவ்வொரு ஜன்னலின் கொக்கியும் வீட்டுக்கு வெளியே யாருடைய கையிலோ இருக்க, அறிவுரை மட்டும் வீட்டுக்குள் வந்து சேருகிறது. இடையில் செய்யக்கூடியவை சின்னச் சின்னவை. நெட்லான் அடித்தால் ஐந்தரைக்கு மேலும் திறந்துவைக்கலாம், வலை காற்றைக் கொஞ்சம் மறிக்கும், பரவாயில்லை. சுருளை நிறுத்தலாம். தாளிக்கும்போது மட்டுமாவது எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடலாம், அது சத்தம் போடுகிறது என்று நிறுத்துகிறவர்கள் பெரும்பாலும் சமைக்காதவர்கள். சாம்பிராணியை நான் விடப்போவதில்லை, கொல்லைப்பக்கக் கதவைத் திறந்துவைத்துப் போடச் சொல்லியிருக்கிறேன், லட்சுமியின் அக்காளோடு பிறகு பேசிக்கொள்ளலாம்.

ஆசிரியை தானாக ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். பீரியட் மணி அடித்ததும் அடுத்த ஆசிரியர் வருவதற்குள் ஐந்து நிமிடம் எல்லா ஜன்னலும் கதவும் திறக்கும், பாடம் தொடங்கியதும் சாலைப் பக்கம் மட்டும் சாத்தப்படும், வராந்தாப் பக்கம் திறந்தே இருக்கும். இதற்கென்று கடைசி பெஞ்சுப் பையன்கள் இருவரைப் போட்டிருக்கிறார், எழுந்து நடமாட அனுமதி கிடைத்ததில் அவர்களுக்கு ஏகப்பட்ட பெருமை. கணக்கு ஆசிரியருக்கு இது பிடிக்கவில்லை, நேரம் போகிறது என்கிறார். தலைமையாசிரியர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. போகிக்கு முந்தைய வாரத்தில் தெருமுனையில் டயர் எரிக்க ஆரம்பித்தால் திறப்பதா சாத்துவதா என்று பையன்கள் இப்போதே கேட்டுவைத்திருக்கிறார்களாம், அவர் என்னைக் கேட்டார்.